மீதி ஏழு விழுக்காடு

சந்திரகலா அந்த வீட்டைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவின் கிள்ளான் நகரில் விடியற்காலையிலிருந்தே மழை. நான்கு மாடிக் கட்டடம். மின்தூக்கி கிடையாது. வீடு மூன்றாம் மாடியில். படிக்கட்டின் ஓரங்களில் செருப்பு அலமாரிகளும் பூந்தொட்டிகளும் பிள்ளைகள் சைக்கிளும் இருந்தன. வீட்டு முகவன் பிரசாந்த் நனைந்த குடையை உதறிக்கொண்டே முன்னால் ஏறினான். பின்னால் சந்திரகலாவும் அவள் மகள் ஜனனியும். சந்திரகலாவின் கணவன் கார்த்திகேசு வரவில்லை. செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவனுக்கு ஞாயிறும் வேலை நாள்தான்.

"ரெண்டு ரூம் பெருசு, ஒரு ரூம் சின்னதுக்கா. பின்னால துணி காயப்போட தனியா இடம் இருக்கு. இந்த விலைக்கு இனிமே கிள்ளான்ல கிடைக்காது."

"எவ்வளவு சொல்றாங்க?"

"ஒரு லட்சத்துத் தொண்ணூத்தஞ்சு. பேங்குல தொண்ணூறு பர்சன்ட் லோன் கிடைக்கும். கையில இருந்து கொஞ்சந்தான் போடணும்."

"கொஞ்சம்னா?"

"முதல்ல மூணு பர்சன்ட் கட்டி புக் பண்ணிடுங்க. மத்ததெல்லாம் பார்த்துக்கலாம்லா அக்கா."

ஜனனி அதற்குள் சின்ன அறையின் சன்னலைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயதுக்குள் அவள் வசித்தது ஐந்து வாடகை வீடுகள், படித்தது மூன்று பள்ளிகள். இப்போது இருக்கும் தரைவீட்டின் சொந்தக்காரர், மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லி, ஜனவரிக் கடைசிக்குள் காலி செய்யக் கேட்டிருந்தார். நல்ல மனிதர்தான். சொல்லும்போது ஒரு டப்பா அதிரசமும் கொண்டுவந்து கொடுத்தார்.

சந்திரகலா அடுப்படியில் நின்றாள். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்குத் தரப் பரிசோதனை மேற்பார்வையாளர் வேலை. ஷாம்பு புட்டிகளுக்கான பிளாஸ்டிக் மூடி செய்யும் இடம். பதினான்கு வருடமாகக் கீறலையும் வெடிப்பையும் தேடித் தேடிப் பழகிய கண்கள் தாமாகவே மேலே போயின. கூரைப் பலகையில் தட்டளவு பழுப்புக் கறை. அதன் நடுவில் ஒரு சொட்டு தொங்கியது.

"இது என்ன?"

"மழைல அக்கா. மழை நின்னா நின்னுடும்."

மேலே இன்னொரு மாடி இருக்கும்போது மழை எப்படி இங்கே ஒழுகும் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் ஜனனி வந்து, "ம்மா, அந்தச் சின்ன ரூம் எனக்கு" என்றாள். கேள்வி அப்படியே நின்றுபோனது. மறுநாளே, தோழிகளோடு சேர்ந்து போட்டிருந்த கூட்டுச் சீட்டில் வந்த காசிலிருந்து ஐயாயிரத்து எண்ணூற்றைம்பது வெள்ளியைக் கட்டிப் பதிவு செய்தாள். இருபத்தொரு நாளுக்குள் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் கட்டிய காசு திரும்ப வராது என்று தாளில் இருந்தது. அதையும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

பத்தாம் நாள் வங்கியிலிருந்து கடன் கடிதம் வந்தது. சந்திரகலா அன்று தொழிற்சாலையில் இருபது பேருக்குக் கரிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தாள்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்து, கிள்ளானிலிருந்து ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். வழக்கறிஞர் அலுவலகம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில். கீழே ரசம் தாளிக்கிற வாசனை படியேறி வந்தது. தீபாவளி முடிந்து இரண்டு வாரந்தான் ஆகியிருந்தது. எதிர்ச் சாரியில் சேலைக் கடைக்காரர்கள் மிச்சச் சரக்கை வாசலில் குவித்து, பாதி விலை என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

வழக்கறிஞர் ஸ்ருதிக்கு முப்பது வயதிருக்கும். மேசையில் கோப்புகளுக்கு நடுவே ஒரு கோப்பை தே ஓ, பால் விடாத தேத்தண்ணி. ஒரு தாளை எடுத்துச் சந்திரகலா பக்கம் திருப்பி வைத்தாள்.

"மொத்தம் பத்து பர்சன்ட் முன்பணம்க்கா. மூணு கட்டிட்டீங்க. மீதி ஏழு பர்சன்ட், பதிமூவாயிரத்து அறுநூத்தம்பது. அது கையெழுத்துப் போடற அன்னிக்குக் கட்டணும்."

சந்திரகலா தலையாட்டினாள். அந்தத் தொகையைத் தனியாக யோசித்து வைத்திருந்தாள். வங்கி கொஞ்ச நாள் தவணை தரும் என்றுதான் நினைத்திருந்தாள்.

"அப்புறம் விற்பனை ஒப்பந்தத்துக்கு எங்க ஃபீஸ். லோன் ஒப்பந்தத்துக்குத் தனி ஃபீஸ்."

"ரெண்டா? ஒரே வீடுதானே?"

"வீடு ஒண்ணுதான். ஒப்பந்தம் ரெண்டுக்கா. ஒண்ணு உங்களுக்கும் ஓனருக்கும். இன்னொண்ணு உங்களுக்கும் பேங்குக்கும். அதுக்கு மேல வரி, பதிவுச் செலவு, நிலப் பத்திரத் தேடல், எல்லாம் சேர்த்து ஆறாயிரம் வந்துரும். பேங்கு அனுப்பற மதிப்பீட்டாளருக்கு அறுநூறு."

"மதிப்பீட்டாளரா?"

"வீடு அந்த விலை பெறுமான்னு வந்து பார்ப்பாரு. வர்ற வியாழக்கிழமை வர்றாராம். குறைச்சு எழுதினா பேங்கும் லோனைக் குறைக்கும். குறையற காசை நீங்கதான் கையில இருந்து போடணும்." ஸ்ருதி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள். "நல்ல விஷயமும் இருக்கு. இது உங்க முதல் வீடு, அஞ்சு லட்சத்துக்குக் கீழ. முத்திரை வரி கட்ட வேண்டாம். இல்லாட்டி அதுவே சில ஆயிரம் ஆகியிருக்கும்."

"மொத்தம் எவ்வளவு?"

"இருபதாயிரத்து இருநூத்தம்பது. அப்புறம் சாவி கிடைச்ச பிறகு கரண்டு, தண்ணி டெப்பாசிட் இருக்கு. அது இப்ப இல்ல."

சந்திரகலாவிடம் மீதி இருந்தது ஒன்பதாயிரத்து இருநூறு. தாளில் இருந்த எண்களை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தாள். எதுவும் தப்பாக இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"யாருமே உங்களுக்கு இதைச் சொல்லலியா அக்கா?"

"மத்ததெல்லாம் பார்த்துக்கலாம்னு சொன்னாரு."

ஸ்ருதி பேனாவை மூடினாள். "உங்களுக்கு ஈபிஎஃப் சேமநிதி இருக்குல்ல? வீடு வாங்க அதுல எடுக்கலாம்."

"இருக்கு. பதினேழாயிரத்துக்கு மேல எடுக்கலாம்னு போன்ல காட்டுது. அதை நம்பித்தான் வந்தேன்."

"ஆனா கையெழுத்தான ஒப்பந்தத்தைக் காட்டினாத்தான் குடுப்பாங்க."

"ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடவே காசு வேணும்னு சொன்னீங்களே."

"ஆமாக்கா" என்றாள் ஸ்ருதி, தானே அந்தச் சட்டத்தைப் போட்டவள் போலத் தலையைக் குனிந்துகொண்டு. பிறகு, "என் ஃபீஸைப் பாதி இப்பக் குடுங்க, பாதி ஈபிஎஃப் வந்த பிறகு குடுங்க. என்னால அதுதான் முடியும். ஏழு பர்சன்ட்டை ஓனர் ஒத்துக்கிட்டாத்தான் தள்ளிப்போட முடியும். ஒத்துக்கிட்டா நான் ஒப்பந்தத்துல எழுதிடுவேன். இன்னும் பத்து நாள் இருக்கு."

கீழே இறங்கி வந்தபோது மணி இரண்டு. பசித்தது. வாழையிலைக் கடை வாசலில் நின்று, சாப்பாடு பன்னிரண்டு வெள்ளி என்று எழுதியிருந்ததைப் படித்தாள். ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

அன்று மாலை ஆறரைக்குக் கார்த்திகேசு வந்தான். சட்டையெல்லாம் செம்பனையின் புளித்த எண்ணெய் வாடை. ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆலைக்கு மூன்று நடை அடித்திருந்தான். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் பருப்பும் கங்கோங் கீரைப் பிரட்டலும் நெத்திலிச் சம்பலும் போட்டாள். பாதி சாப்பிடும்வரை பொறுத்திருந்து சொன்னாள். அவன் கை தட்டிலேயே நின்றது.

"முதலாளிகிட்ட கேக்கறேன்."

"வேணாம். போன தடவ கேட்டு, எட்டு மாசம் ஞாயித்துக்கிழமைகூட வீட்ல இல்லாம ஓடினீங்க."

"அப்ப பாசார்ல வட்டிக்கு விடற அந்த ஆள்கிட்ட—"

"அவன் ஒரு தவணை தவறினா வாசல்ல பெயின்ட் ஊத்தறவன். அவன் பேரை இந்த வீட்ல எடுக்காதீங்க."

"அப்ப என்னா செய்யச் சொல்ற? விட்டுடு. அஞ்சாயிரம் போனா போகுது. வேற வாடகை வீடு பார்ப்போம்."

"அஞ்சாயிரத்து எண்ணூத்தம்பது."

"சரிலா, அதுதான்!" அவன் குரல் உயர்ந்தது. அறைக்குள்ளே ஜனனி பாட்டை நிறுத்தினாள். "லோன் உன் பேருல. ஈபிஎஃப் உன் பேருல. வீடும் உன் பேருல. எனக்கு முதலாளி கையில காசா குடுக்கறாரு, எங்கயும் என் பேரு இல்ல. பேங்குக்காரி என்னைப் பார்த்து, இவரு யாருன்னு கேட்டாளே. நான் எதுக்கு இதுல? மேசை நாக்காலி தூக்கவா?"

சந்திரகலா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சம்பல் வைத்தாள். அவனும் தின்றான். கோபத்தில் எழுந்து போகும் பழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. எழுந்து போனால் போய் நிற்க இன்னொரு அறை இருந்ததில்லை.

கைகழுவி வந்த பிறகு கார்த்திகேசு மெதுவாகக் கேட்டான். "அந்த ஓனரு யாரு?"

"பிரிக்பீல்ட்ஸ்ல பாத்திரக் கடை வெச்சிருக்காங்களாம். செட்டியார் வீட்டு அம்மா."

"அவங்ககிட்ட நேரா பேசிப் பாரேன். அந்தப் பையன் வாயால எதுக்குப் பேசணும்?"

பிரசாந்துக்கு அது பிடிக்கவில்லை. "அப்படியெல்லாம் பண்ணக் கூடாதுக்கா. கேஷா ரெண்டு லட்சம் குடுக்க ஒரு பாஸ் ரெடியா இருக்காரு. நீங்க காசு இல்லேன்னு போய் நின்னா அவங்க கெடு முடியற நாளை எண்ண ஆரம்பிச்சிருவாங்க." அதைக் கேட்டபிறகுதான் சந்திரகலாவுக்குப் போயே தீர வேண்டும் என்று தோன்றியது. ஆனால் வெறுங்கையோடு போகவில்லை. முதலில் கிள்ளான் சேமநிதி அலுவலகத்துக்குப் போய் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, எவ்வளவு எடுக்கலாம், என்னென்ன தாள் வேண்டும், காசு வர எத்தனை நாளாகும் என்று கேட்டு, கணக்கு அறிக்கையை அச்செடுத்துக்கொண்டாள். பிறகு சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸ் ரயில்.

பாத்திரக் கடை நீளமாகவும் இருட்டாகவும் இருந்தது. எவர்சில்வர் தூக்குகள் கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கின. உள்ளே கல்லாவில் உமையாள் உட்கார்ந்திருந்தார். செட்டியார் வீட்டுப் பெண்களை அந்தத் தெருவில் எல்லோரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். உமையாளுக்கு வயது ஐம்பத்தைந்துதான். முடியில் சாயம், கண்ணில் தங்கச் சட்டக் கண்ணாடி, முழங்காலில் ஒரு கட்டு.

"வாங்க. என்ன பார்க்கறீங்க? இட்லிப் பானையா?"

"இல்ல ஆச்சி. கிள்ளான்ல உங்க பிளாட்டை புக் பண்ணியிருக்கறது நான்தான். சந்திரகலா."

உமையாள் கண்ணாடியைச் சற்று இறக்கி அவளைப் பார்த்தார். "தம்பி வரலியா?"

"வரல. நான்தான் நேரா பேசலாம்னு வந்தேன்."

உட்காரச் சொன்னார். கடைப் பெண்ணிடம் இரண்டு தேத்தண்ணி வாங்கிவரச் சொன்னார். சந்திரகலா தாள்களை எடுத்து வைத்துப் பேசினாள். கையெழுத்து அன்று நாலாயிரம், மீதி ஒன்பதாயிரத்து அறுநூற்றைம்பது சேமநிதி வந்தவுடன். நாற்பத்தைந்து நாள் போதும். உமையாள் ஒவ்வொரு தாளையும் நிதானமாகப் படித்தார். படிக்கிற முறையிலேயே இந்த வேலை அவருக்குப் பழக்கமென்று தெரிந்தது.

"ஒரே கம்பெனியில பதினாலு வருஷமா?"

"ஆமா ஆச்சி."

"வீட்டுக்காரர்?"

"லோரி ஓட்டறாரு. அவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது."

"ஈபிஎஃப்ல முடியாதுன்னுட்டா?"

"கேட்டுட்டேன். பிரச்சினை இல்லேன்னாங்க. அந்த ஆபீசர் பேரும் எழுதி வெச்சிருக்கேன்."

உமையாளின் உதட்டோரத்தில் லேசாக ஏதோ அசைந்தது. ஆனால் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நான் பினாங்குக்கு மககிட்ட போகப்போறேன். எனக்கு இழுபறி வேணாம். நீங்க நல்லவங்களாத்தான் தெரியறீங்க. ஆனா அந்த இன்னொருத்தர் மொத்தமா குடுக்கறேங்கறாரு, அஞ்சாயிரம் கூடவும். உங்க நாள் முடியற வரைக்கும் காத்திருக்கேன். அதுக்கு மேல நான் என்ன செய்ய?"

சந்திரகலா தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். எழுந்திருக்கப் போனவள், "அடுப்படி ஒழுக்கை அவரும் பார்த்தாரா ஆச்சி?" என்றாள்.

"என்ன ஒழுக்கு?"

"மேல் மாடித் தண்ணி. கூரைப் பலகை ஊறிப்போய்க் கிடக்குது. நான் போன அன்னிக்குச் சொட்டிச்சு."

"எனக்கு யாரும் சொல்லலியே. இந்த முழங்காலோட நான் ரெண்டு வருஷமா அந்தப் படி ஏறல. வாடகைக்கு இருந்தவனும் சொல்லல, அந்தத் தம்பியும் சொல்லல."

"வியாழக்கிழமை பேங்கு மதிப்பீட்டாளர் வர்றாரு. இப்படியே பார்த்தா குறைச்சு எழுதுவாரு. எனக்கு லோன் குறையும். வேற யாரு வந்தாலும் அதைக் காட்டி உங்க விலையைக் குறைப்பாங்க." அவள் அடுத்துச் சொன்னது வரும் வழியில் யோசித்து வைத்ததல்ல. "சாவி குடுங்க. நாளைக்கு எங்க வீட்டுக்காரர் வந்து சரிபண்ணிடுவாரு. லோரிக்கு முன்ன அவரு ஆறு வருஷம் பைப்பு வேலை செஞ்சவரு."

"சரிபண்ணின பிறகு வீட்டை வேற ஆளுக்குக் குடுத்துட்டேன்னா?"

"அப்ப உங்க வீடு ஒழுகாம இருக்கும். அவ்வளவுதான்."

உமையாள் கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்தார். "நான் ஒண்ணும் வாக்குக் குடுக்கல" என்றார்.

"சரி ஆச்சி."

கார்த்திகேசுவுக்கு அதைக் கேட்டதும் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "நம்ம வீடே இல்ல. நான் போய் ஒழுக்கு அடைக்கணுமா?" என்றான். ஆனால் ஞாயிறன்று முதலாளிக்குப் போன் செய்து அன்றைய நடைகளுக்கு வேறு ஆளைப் போடச் சொன்னான். கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய கருவிப் பையை இழுத்து எடுத்தான். பையின் ஜிப்பு துருப்பிடித்திருந்தது.

முதலில் மேல் மாடிக்குப் போனார்கள். கதவைத் திறந்தது காக் ரோஸ் என்ற மலாய்ப் பெண்மணி, பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறவள். கார்த்திகேசு செருப்பைக் கழற்றிவிட்டு, கீழ் வீட்டில் தண்ணீர் இறங்குகிறது, உங்கள் அடுப்படித் தரையைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று மலாயில் கேட்டான். அவள் அவனையும் சந்திரகலாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கீழே இருந்தவன் ரெண்டு வருஷமா துடைப்பக் கட்டையால கூரையை இடிப்பான். நானும் பதிலுக்குக் காலால மிதிப்பேன். ஏன் இடிக்கிறான்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றாள். கதவை அகலமாகத் திறந்தாள். "மாசுக், மாசுக். உள்ளே வாங்க."

துணி துவைக்கும் இயந்திரத்தின் தண்ணீர் போகும் ஓட்டையைச் சுற்றிச் சிமெண்டு பெயர்ந்திருந்தது. கார்த்திகேசு கீழே வந்து கூரைப் பலகையைக் கழற்றினான். பிசுபிசுவென்று கருத்த தூசியும் ஈரமும் அவன் முகத்தில் கொட்டின. உள்ளே குழாய் திரும்பும் முழங்கை வளைவின் இணைப்பு விரலளவுக்கு வெடித்திருந்தது. ஏணிமேல் நின்றபடியே, "துணிதான் காரணம். மழை இல்ல" என்றான், யாரையோ பிடித்துவிட்ட தொனியில்.

கடைக்குப் போய்க் குழாயும் பசையும் நீர்க்காப்புக் கலவையும் புதுப் பலகையும் வாங்கி வந்தான். நூற்று எண்பது வெள்ளி. காக் ரோஸ் மூன்று மணி நேரம் தண்ணீரைத் திறக்காமல் இருந்தாள். கார்த்திகேசு பழைய இணைப்பை அறுத்தான், ஓரத்தைத் தேய்த்தான், புது முழங்கையைப் பொருத்தினான். மேலே போய் ஓட்டையைச் சுற்றிச் சிமெண்டைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசினான். சந்திரகலா ஏணியைப் பிடித்தாள். ஜனனி டார்ச் அடித்தாள். அவன் கேட்கும் முன்பே கருவியை எடுத்துக் கொடுக்க அவளுக்கு வந்துவிட்டது.

பன்னிரண்டரைக்குக் காக் ரோஸ் ஒரு பெரிய தட்டு நிறைய மீகூன் கோரெங் என்கிற வறுத்த அரிசிச் சேமியாவும் அவித்த முட்டையும் இறக்கி அனுப்பினாள். வெறும் தரையில் செய்தித்தாள் விரித்து மூவரும் சாப்பிட்டார்கள். சன்னல் வழியாகக் காற்று நன்றாக வந்தது. கார்த்திகேசு முட்டையைக் கடித்தபடியே எழுந்து போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தான். அப்போதுதான் அவன் அந்த வீட்டை முழுசாகப் பார்த்தான். சுவரைத் தட்டினான். குழாயைத் திறந்து தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது என்று பார்த்தான். பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் வெகுநேரம் நின்றான்.

"கலா."

"என்னா?"

"இந்த ஏழு பர்சன்ட்டுக்கு என்ன வழின்னாலும் பார்ப்போம்" என்றான். அதோடு கைகழுவப் போய்விட்டான்.

மாலை நான்கு மணிக்குக் காக் ரோஸ் இயந்திரத்தை ஓடவிட்டாள். மேலே தண்ணீர் பெருகி ஓடுகிற சத்தம் கேட்டது. கீழே மூவரும் திறந்து கிடந்த கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டுக்கூட இல்லை. மேலேயிருந்து காக் ரோஸ், "ஓக்கேவா?" என்று கத்தினாள். "ஓக்கே!" என்று ஜனனிதான் பதிலுக்குக் கத்தினாள். பிறகு கார்த்திகேசு புதுப் பலகையை ஏற்றிவைத்துத் திருகினான்.

வியாழக்கிழமை மதிப்பீட்டாளர் வந்து படமெடுத்துக்கொண்டு, அளந்துகொண்டு, இருபது நிமிடத்தில் போய்விட்டார். அவர் போன கொஞ்ச நேரத்தில், படிக்கட்டில் நின்று நின்று ஏறும் காலடிச் சத்தம் கேட்டது. உமையாள் கைப்பிடிச் சுவரைப் பற்றியபடி மூச்சு வாங்க வந்து நின்றார். அங்கே உட்கார ஒன்றும் இல்லை. கார்த்திகேசு ஏணியை மடக்கிப் படியாக்கி, துண்டை மேலே போட்டு, "உக்காருங்க ஆச்சி" என்றான்.

உமையாள் அடுப்படிக்குப் போய்ப் புதுப் பலகையைப் பார்த்தார். மேலே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. குழாயைத் திறந்து மூடினார். பிறகு வந்து ஏணிமேல் உட்கார்ந்தார்.

"எவ்வளவு செலவாச்சு?"

"பரவால்ல ஆச்சி" என்றாள் சந்திரகலா.

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"நூத்தியெண்பது" என்றான் கார்த்திகேசு.

உமையாள் கைப்பையிலிருந்து எண்ணி எடுத்து அவனிடம் நீட்டினார். "வித்து முடிக்கிற வரைக்கும் இது என் வீடு. என் வீட்டு ஒழுக்குக்கு நான்தான் குடுக்கணும். உங்க கூலியை மட்டும் என்னால குடுக்க முடியாது. அதுக்குப் பதிலா நாள் தரேன்." அவர் சந்திரகலா பக்கம் திரும்பினார். "நாப்பத்தஞ்சு நாள். நாப்பத்தாறாம் நாள் ஆச்சுன்னா கட்டினது எல்லாம் போயிரும். இரக்கப்பட்டுக் குடுக்கறதா நினைச்சுக்காதீங்க. எழுத்துல இருக்கட்டும்."

"எழுத்துலயே இருக்கட்டும் ஆச்சி" என்றாள் சந்திரகலா.

"அந்தக் கேஷ்காரருக்கு என்ன சொல்லப்போறீங்க?" என்று கார்த்திகேசு கேட்டான்.

"ஒழுக்கு இருக்குன்னு தெரிஞ்சா அவரு என்கிட்ட வந்து சொல்லியிருப்பாரா? விலையைத்தான் குறைச்சிருப்பாரு. நானும் யாவாரிதான் தம்பி. யாரோட யாவாரம் பண்ணணும்னு எனக்குத் தெரியும்."

கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தபோது ஸ்ருதியின் அலுவலகத்தில் கையெழுத்தானது. வங்கியும் மதிப்பை ஒத்துக்கொண்டிருந்தது. சந்திரகலா தாள் தாளாகத் திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் சுருக்கொப்பம் போட்டாள். நாலாயிரம், பாதிக் கட்டணம், மதிப்பீட்டுச் செலவு எல்லாம் போக அவள் கணக்கில் இரண்டாயிரத்துக்கும் குறைவாகவே மிஞ்சியது. பிரசாந்தும் வந்திருந்தான். கொஞ்சம் வாடிப்போய் மூலையில் உட்கார்ந்திருந்தவன், கிளம்பும்போது, "ஸாரிக்கா, ஒழுக்கையும் செலவையும் நான் முதல்லயே சொல்லியிருக்கணும்" என்றான். "இனிமே வர்றவங்களுக்குச் சொல்லு. மூணு பர்சன்ட்டை மட்டும் சொல்லாத, முழுசையும் ஒரு தாள்ல எழுதிக் குடு" என்றாள் அவள். கீழே இறங்கி, மூவரும் வாழையிலைக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கார்த்திகேசு இரண்டு முறை ரசம் கேட்டான்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். அவர்கள் காய்கறியைக் குறைத்தார்கள். ஜனனி டியூஷனுக்குப் பஸ்ஸில் போகாமல் நடந்தாள். சந்திரகலா ஓவர்டைம் கிடைத்த நாளெல்லாம் எடுத்தாள். சேமநிதி அலுவலகம் ஒரு தாள் குறைகிறது என்று ஒரு முறை திருப்பி அனுப்பியது. அன்றுதான் பயந்தாள். முப்பத்திரண்டாம் நாள் காலை, தொழிற்சாலையில் மூடிகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது போனில் செய்தி வந்தது. பதினேழாயிரத்து நானூறு வெள்ளி கணக்கில் ஏறியிருந்தது. இயந்திரத்தை நிறுத்த முடியாது. அடுத்த பத்து நிமிடத்துக்கு ஒரு மூடியும் தப்பிப் போகாமல் பார்த்துவிட்டு, தேநீர் இடைவேளையில் ஒன்பதாயிரத்து அறுநூற்றைம்பதை ஸ்ருதியின் அலுவலகக் கணக்குக்கு அனுப்பினாள். பிறகு உமையாளுக்குப் போன் செய்தாள்.

"பதிமூணு நாள் முன்னாலயே கட்டிட்டீங்க" என்றார் உமையாள். "பால் காய்ச்ச என் கடையில வந்து ஒரு பாத்திரம் எடுத்துக்குங்க. அதுக்குக் காசு வாங்க மாட்டேன்."

தரைவீட்டுக்காரர் மகன் கல்யாணத்தைப் பங்குனிக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். அதனால் காலி செய்யும் கெடுவும் தள்ளிப்போனது. வங்கி மொத்தத்தையும் விடுவித்து, சாவி கைக்கு வர மார்ச் மாதமாகிவிட்டது. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் வைப்புத்தொகை கட்டினார்கள். மிச்சமிருந்த சேமநிதிக் காசில் சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். கார்த்திகேசு நண்பன் ஒருவனின் சின்ன லோரியைக் கேட்டு வாங்கி, இரண்டே நடையில் சாமான்களைக் கொண்டுவந்து, மேசையையும் நாற்காலியையும் மூன்று மாடி தூக்கினான். தூக்கும்போது முனகினான், ஆனால் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. காக் ரோஸ் மட்டும் கேட்காமலே இறங்கி வந்து மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தாள்.

மறுநாள் காலை பால் காய்ச்சி முடித்த பிறகு, சுவர்க்கடிகாரம் ஒன்று மாட்ட வேண்டியிருந்தது. கூடத்தில் எந்த இடம் என்று ஜனனி கைகாட்டினாள். கார்த்திகேசு ஆணியை வெள்ளைச் சுவரில் வைத்து, சுத்தியலை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. அடுப்படிப் பக்கம் திரும்பினான்.

"கலா, இங்க ஆணி அடிக்கலாமா?"

சந்திரகலா கையில் பால் டம்ளரோடு அடுப்படி வாசலுக்கு வந்தாள்.

"யாருகிட்ட கேக்கறீங்க?"

அவன் அவளைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். முகம் மெல்ல விரிந்தது. முதல் அடியிலேயே ஆணி வளைந்து, சுவரில் ஒரு சின்னக் குழி விழுந்தது. "அட" என்று சொல்லிவிட்டு, பையில் கைவிட்டு இன்னொரு ஆணியை எடுத்தான்.